கன்னி மூலையில் ஒரு கிணறு

முத்து,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் நீ "சரிப்பா, சரிப்பா, நான் பாத்துக்கறேன்" என்பாய். எனக்கு அதற்கு மேல் வார்த்தை வராது. உன் அம்மா கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டு, சுதாவுக்கு வாந்தி நின்றதா, புளிப்பாக ஏதாவது கேட்கிறாளா என்று பேசப் போய்விடுவாள். இப்படித்தான் ஒரு மாதமாக நடக்கிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அது எனக்கு வசதி. முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு. இந்த வேப்பம்பட்டு வீட்டை அந்த ஆவடிப் பையனுக்கு விற்பதாக நீ ஒத்துக்கொண்டாய் அல்லவா, அது நடக்காது. ஏன் நடக்காது என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீ வீடியோ காலில் பார்த்தது டைல்ஸ் பெயர்ந்த ஒரு பொத்தலை மட்டும்தான். நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தபோது, பின்பக்கப் படுக்கையறையில் கட்டில் ஆட ஆரம்பித்தது. உன் அம்மா ஒரு காலுக்குக் கீழே அட்டையை மடித்து வைத்தாள். கொஞ்ச நாளில் மறுபடியும் ஆடியது. இன்னொரு அட்டை வைத்தாள். "கட்டில் கால கரையான் அரிச்சிருச்சு போல, என்னன்னு பாருங்க" என்றாள். குனிந்து பார்த்தேன். கட்டில் கால் நன்றாகத்தான் இருந்தது. தரைதான் இறங்கியிருந்தது. மழையில் மண் அமுங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு மேஸ்திரி ரவியைக் கூப்பிட்டேன். அவன் கொத்துக்கரண்டிப் பிடியால் ஹாலிலிருந்து தரையைத் தட்டிக்கொண்டே வந்தான். அந்த அறைக்குள் வந்ததும் சத்தம் மாறிவிட்டது. "சார், கீழ இன்னா கீது?" என்றான். மண்ணுதான் இருக்கும், வேறென்ன இருக்கும் என்றேன். "மண்ணு இல்ல சார். காலியா கீது" என்றான்.

நாலு டைல்ஸைப் பெயர்த்து, அடியிலிருந்த கான்கிரீட்டை உளியால் மெதுவாகத் தட்டினான். தட்டவே தேவையிருக்கவில்லை. கம்பியெல்லாம் துருப்பிடித்து உப்பி, காரை பாளம் பாளமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு துண்டு அவன் கை படாமலே உள்ளே போனது. கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. ரவி உளியைக் கீழே வைத்துவிட்டு, இருந்த இடத்திலிருந்தே பின்பக்கமாகத் தவழ்ந்து வாசற்படிக்கு வந்தான். "அம்மா, நீ உள்ள வராத" என்று உன் அம்மாவிடம் சொன்னான். நான் டார்ச்சை வாங்கிக் குப்புறப் படுத்துப் பார்த்தேன். செங்கல் சுற்றுக்கட்டோடு ஒரு முழுக் கிணறு. கறுப்பாகத் தண்ணீர். அதன்மேல் ஒரு கட்டில், ஒரு பீரோ, ஒரு தையல் மெஷின், அப்புறம் நாங்கள் இரண்டு பேர். இத்தனை வருஷமும் அப்படித்தான் இருந்திருக்கிறோம்.

அதற்குப் பிறகு எனக்குக் கொஞ்சம் கிறுக்குப் பிடித்த மாதிரிதான் இருந்தது. கையில் ஒரு சுத்தியலை வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தட்டினேன். உன் அம்மா, "போதும், விடுங்க, எதையாவது தட்டித் தலைல விழப் போகுது" என்று பின்னாலேயே வந்தாள். பீரோவுக்குப் பின்னால் ஒரு ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். கம்பியைக்கூட எடுக்கவில்லை, சுவருக்குள் அப்படியே நிற்கிறது. ஹாலைப் பெரிதாக்க நடுச்சுவரை இடித்துவிட்டுப் போட்ட இரும்பு கர்டர், ஒரு பக்கம் சுவரிலும் இன்னொரு பக்கம் அரைச் செங்கல்லிலும் உட்கார்ந்திருக்கிறது. அதன்மேல் பூசி, மாவிலைத் தோரணம் செதுக்கி, பெயிண்ட் வேறு அடித்திருக்கிறார்கள். வீடு வாங்கின புதிதில் வந்தவர்களிடமெல்லாம் அந்தத் தோரணத்தைக் காட்டினேன். பின் அறைச் சுவர் ஓரமாக மொட்டை மாடிக்குப் போகும் பிளாஸ்டிக் பைப் ஒன்று இருக்கிறதே, மழைத் தண்ணீர் பைப் என்று நினைத்து நீ டிஷ் ஒயரை அதில் கட்டினாய். அது மழைத் தண்ணீருக்கு இல்லை. அதன் அடி கிணற்றுக்குள் இருக்கிறது.

நான் எப்படி இப்படி ஒரு வீட்டை வாங்கினேன் என்று நீ கேட்டாய். "ஃபேக்டரில இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்த ஆளுப்பா நீ" என்று சிரித்துக்கொண்டே கேட்டாய். சிரித்தாலும் கேள்வி நியாயமானதுதான். ஒரு நட்டின் திருகு மரைக்குள் அளவு கேஜ் போகவில்லை என்றால் மொத்த உருப்படியையும் திருப்பி அனுப்பினவன் நான். ஆனால் அதெல்லாம் இரும்பு. வீடு எனக்குத் தெரியாது. குவார்ட்டர்ஸில் இருந்தவர்களுக்கு யாருக்குமே தெரியாது. உனக்கே ஞாபகம் இருக்கும், குழாய் ஒழுகினால் புகார் நோட்டில் எழுதிவிட்டு வருவோம், யாராவது வருவார்கள், வரவில்லை என்றால் திட்டுவோம். சுவர் நம்முடையது இல்லை. அதற்குள் என்ன இருக்கிறது என்று கவலைப்பட வேண்டியதும் இல்லை. வாசல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குவார்ட்டர்ஸில் எவனும் கேட்டதில்லை. கொடுத்த கதவில் நுழைந்தோம். அதே ஆட்கள் ரிடையர் ஆகும் சமயத்தில் சொந்த வீடு என்று கிளம்பியதும் ஒருவர் விடாமல் வாஸ்து பேச ஆரம்பித்தோம். ஈசானியம், அக்கினி மூலை, கன்னி மூலை என்று கேன்டீனில் அது ஒரு பாடமாகவே நடந்தது. வேறெதுவும் பார்க்கத் தெரியாது. திசை பார்க்க மட்டும் ஒரு காம்பஸ் போதும். நானும் ஒன்றை வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, திருநின்றவூரிலிருந்து திருவள்ளூர் வரைக்கும் வீடு வீடாக ஏறி இறங்கினேன். இந்த வீட்டில் தென்மேற்கில், கன்னி மூலையில், பெரிய படுக்கையறை. முள் ஆடி நின்றதும் எனக்கு வயிறு குளிர்ந்துபோனது. தரையை ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

அந்த அறையை உனக்குத்தான் முதலில் கொடுத்தோம். காலேஜ் முடிகிறவரைக்கும் அங்கேதான் படித்தாய், அங்கேதான் தூங்கினாய். கத்திரி வெயிலில் இந்த ஏரியாவே கொதிக்கும்போது அந்தத் தரை மட்டும் ஜில்லென்று இருக்கும். உன் அம்மா மத்தியானத்தில் வெறுந்தரையில் வந்து படுத்துக்கொள்வாள். வாஸ்து சரியாக இருந்தால் காற்றோட்டமும் சரியாக இருக்கும் என்று வந்தவர்களிடம் விளக்கம் வேறு சொல்லியிருக்கிறேன். கல்யாணம் முடிந்து நீயும் சுதாவும் வந்தபோது, புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்குக் கன்னி மூலைதான் நல்லது என்று உன் அம்மா உங்களை அங்கே விட்டாள். அந்தப் பெரிய தேக்குக் கட்டிலை நாலு பேராகத் தூக்கிக்கொண்டு வந்து அந்தத் தரையில் தொப்பென்று வைத்தோம். இதைப் போனில் உன்னிடம் சொன்னபோது நீ என்ன சொன்னாய் தெரியுமா? "அதான் ஒண்ணும் ஆகலையேப்பா" என்றாய்.

எனக்கு அப்போது இந்த வீட்டை விற்ற எத்திராஜ் மேல்தான் ஆத்திரம். அந்த ஆளைப் பார்த்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று கிளம்பினேன். திருமழிசையில் மகள் வீட்டோடு இருப்பதாகக் கேள்வி. ஆவடியில் இறங்கி, பூந்தமல்லி பஸ் பிடித்து, அங்கிருந்து இன்னொரு பஸ். வழியெல்லாம் என்ன கேட்க வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். வீட்டில் இல்லை; அங்கிருக்கிற தொழிற்பேட்டை எஸ்டேட்டுக்குள் ஒரு ஸ்பிரிங் கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார், யூனிபார்ம் தோளில் நிற்கவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வா சார். நல்லா கீறியா? ஊடு நல்லா கீதா?" என்றார்.

"கிணறு நல்லா இருக்கு" என்றேன்.

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "பாத்துட்டியா" என்று மட்டும் கேட்டார். தரை இறங்கினதைச் சொன்னேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டார். இல்லை என்றதும் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். நான் ஒத்திகை பார்த்த கேள்விகளை ஆரம்பித்தேன். மனுஷன்தானே நீங்கள், பிள்ளை குட்டி படுக்கிற இடம் என்று தெரியாதா என்றெல்லாம் கேட்டேன். முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் அவர் வாயைத் திறந்தார்.

"சார், நான் இன்னா ஆசப்பட்டா மூடுனேன்? எம் பொண்டாட்டி ஆஸ்பத்திரில கெடக்குது. ஊட்ட வித்தாதான் வைத்தியம். வர்றவன் எல்லாம் பின்னால வந்து கெணத்தப் பாப்பான், பாக்கெட்ல இருந்து காம்பஸ எடுப்பான், கன்னி மூலைல கெணறு கீது, குடும்பத்துக்கு ஆவாதுன்னு சொல்லிட்டு வண்டிய திருப்பிகினு பூடுவான். எத்தினி பேரு தெரியுமா? ஒருத்தனும் சொவரு நல்லா கீதான்னு கேக்கல. அப்பால ஒரு வாஸ்துகாரன்தான் சொன்னான், மூடிட்டு மேல பெட்ரூம் போடு, உடனே பூடும்னு. போட்டேன். அடுத்து நீதான் வந்த. நீயும் காம்பஸ் வெச்ச. ஃபர்ஸ்ட் கிளாஸ்னு நீதான் சார் சொன்ன."

மண்ணைக் கொட்டியாவது மூடியிருக்கலாமே என்றேன். "எங்கப்பன் வெட்ன கெணறு. அத்த கொன்னு மூடக் கூடாதுன்னு எங்க ஆயா கண்டிசனா சொல்லிடுச்சி. அதான் மூச்சு உடறதுக்குப் பைப்பு வெச்சேன்" என்றார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்றேன். "சொன்னா வாங்கியிருப்பியா?" என்று கேட்டார். எகத்தாளமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆஸ்பத்திரியில் இருந்த அந்தம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "ஊட்ட ரிஜிஸ்டர் பண்ண அதே மாசம் பூட்டா சார்" என்றார். கேட் முன்னால் ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. அவர் கதவைத் திறக்கப் போனார். நான் கிளம்பிவிட்டேன்.

முத்து, உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதோ இல்லையோ, இதைச் சொல்லிவிடுகிறேன். முன்னால் இருந்தவனைத் திட்டுவது ரொம்பச் சுலபம். அவன் அடைத்த ஜன்னலைப் பார்த்தால் மடையன் என்போம், அவன் மூடின கிணற்றைப் பார்த்தால் கொலைகாரன் என்போம். ஆனால் அவனுக்கு ஒரு காரணம் இருந்திருக்கிறது. நம்மிடம் இப்போது இருக்கிறதைப் போலவே நல்ல காரணம். ஓசூரில் நீ பார்த்திருக்கிற ஃபிளாட் எனக்குத் தெரியும். கம்பெனி பஸ் வாசலுக்கே வரும், குழந்தை பிறந்தால் நாங்கள் இரண்டு பேரும் கூடவே இருக்கலாம், எங்களுக்கென்று பால்கனி வைத்த ஒரு அறை. இதற்கெல்லாம் இந்த வீடு போக வேண்டும். எனக்கும் ஆசை இல்லையா? பேரனோ பேத்தியோ என் மடியில் ஏறி என் கண்ணாடியைப் பிடுங்க வேண்டும் என்று எனக்கும்தான் ஆசை. அதனால்தான் நீ "மூடி டைல்ஸ் போட்டுடுங்கப்பா, ரவிகிட்ட நான் பேசிட்டேன்" என்றபோது நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ரவி ஒரு கடப்பா கல்லைக் குறுக்கே போட்டு, சிமெண்ட் பூசி, பழைய டைல்ஸ் நிறத்திலேயே தேடிப் பிடித்து ஒட்டினான். ஒட்டிவிட்டு, "சார், இது தாங்காது. நான் செஞ்சேன்னு யார்கிட்டயும் சொல்லிடாத" என்றான். நானும் தலையை ஆட்டினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை புரோக்கர் அந்த ஆவடிப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தார். நம்மைப் போலவே ஃபேக்டரி ஆள், குவார்ட்டர்ஸில் இருக்கிறவன். பெண்டாட்டியும் ஒரு சின்னப் பெண் குழந்தையும் கூட வந்திருந்தார்கள். ஹாலைப் பார்த்தான், தோரணத்தைப் பார்த்து "செம சார்" என்றான். பின் அறைக்கு வந்ததும் செல்போனை எடுத்துக் காம்பஸைத் திறந்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி நின்றான். நான் நின்ற அதே இடத்தில் நின்றான். "மாஸ்டர் பெட்ரூம் கன்னி மூலைல சார், பெர்ஃபெக்ட்" என்றான். அவன் பெண்டாட்டி உன் அம்மாவிடம், "கட்டிலச் சுவரோரமாப் போட்டா இந்தப் பக்கம் பாப்பாவுக்குக் கீழ பாய் விரிக்கலாம்ல, இவ உருண்டு விழுந்துடுவா" என்றாள். சொல்லிக்கொண்டே கையால் இடத்தைக் காட்டினாள். புது டைல்ஸ் ஒட்டின இடம். அதற்குள் அந்தக் குழந்தை போய் அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தரை ஜில்லென்று இருக்கிறது என்று இரண்டு கையாலும் தட்டியது.

உன் அம்மா என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் பேசாதே என்றுதான் இருந்தது. நீயும் அவளும் பேசி வைத்திருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் போய்க் குழந்தையைத் தூக்கி அதன் அம்மா கையில் கொடுத்தேன். "தம்பி, இதுக்குக் கீழ கிணறு இருக்கு. மேல போட்டது தாங்காது. நல்லா விசாரிச்சு வேற எடம் பாருங்க" என்றேன். அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தெருவுக்குப் போய்விட்டாள். புரோக்கர் என்னைப் பார்த்து, "யோவ் பெருசு, வாய வெச்சிகினு சும்மா இருக்க மாட்டியா? என் பொழப்புல மண்ணப் போட்டியே" என்று கத்தினார். கத்தட்டும். எனக்கு அன்றைக்குத்தான் பல நாள் கழித்துச் சோறு இறங்கியது.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். உனக்குத் தெரியும், முடியவில்லை. அன்று சாயங்காலமே அந்தப் பையன் தனியாக வந்தான். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு ரொம்ப மரியாதையாகப் பேசினான். "சார், நீங்க சொன்னது பெரிய மனசு. நான் குறை சொல்லல. கொஞ்சம் குறைச்சுக் குடுங்க, நானே எடுத்துக்கறேன். டைல்ஸ் அப்படியே இருக்கட்டும், வேற யார்கிட்டயும் மட்டும் சொல்லிடாதீங்க" என்றான். உன் குழந்தையை அங்கே படுக்க வைப்பாயா என்று கேட்டேன். "ஐயோ, நாங்க எங்க சார் இருக்கப் போறோம்? குவார்ட்டர்ஸ் இருக்கே. இத வாடகைக்கு விட்டுடுவேன். வடநாட்டுப் பசங்க ஒரு ரூமுக்கு எட்டுப் பேர்னு வருவாங்க, எதையும் கேக்க மாட்டாங்க. கொஞ்ச வருஷத்துல ரேட் ஏறினதும் வித்துடலாம்" என்றான். பேச்சில் ஒரு கூச்சமும் இல்லை. காலையில் குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தபோது நன்றி சொன்ன அதே முகம். எழுந்து போய்விடு என்றேன். அவன் போய் உனக்குப் போன் போட்டான். நீ சரி என்று சொல்லிவிட்டாய்.

"தெரிஞ்சுதானே வாங்கறான், இதுல நம்ம பாவம் என்னப்பா?" என்று நீ கேட்டாய். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நான் சரியாகத் தூங்கவில்லை. அவனுக்குத் தெரியும், சரி. அங்கே வந்து படுக்கப் போகிறவனுக்குத் தெரியுமா? எங்கேயோ ஒரு ஊரிலிருந்து வந்து, திருமழிசை எஸ்டேட்டிலோ குமணன்சாவடி கட்டிட வேலையிலோ உடம்பைப் போட்டு உழைத்துவிட்டு, இந்தத் தரை ஜில்லென்று இருக்கிறதே என்று அவன் வரிசையாகப் பாய் விரிப்பான். அவன் ஊரில் அவனுக்கு ஒரு அப்பன் இருப்பான். உன் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவள் அழுதாள். "நம்ம புள்ளைக்கு ஒரு வழி பண்ணத் துப்பில்ல, ஊரான் புள்ளைக்காக உருகுறீங்களே. நாளைக்கி நமக்கு ஒண்ணுன்னா அந்த வடநாட்டுப் பசங்களா வந்து பாப்பாங்க?" என்றாள். அவள் கேட்டதிலும் தப்பில்லை. சுதாவின் பிரசவத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிடலாம் என்று பட்டுப் புடவையெல்லாம் தனியாக மூட்டை கட்டி வைத்திருந்தவள் அவள். நான் அவளோடு சண்டை போடவில்லை. மறுநாள் காலையில் ரவியைக் கூப்பிட்டேன்.

அறையை இடித்துவிட்டேன், முத்து. ஒட்டின டைல்ஸ், கடப்பா கல், கான்கிரீட், மேலே கூரை, மூன்று பக்கச் சுவர், எல்லாம் போய்விட்டது. கிணற்றைச் சுற்றிக் கயிறு கட்டி, உள்ளே விழாமல் பலகை போட்டுத்தான் செய்தார்கள். தேக்குக் கட்டிலும் பீரோவும் ஹாலுக்கு வந்துவிட்டன. கர்டருக்கு அடியில் இரும்புத் தூண் கொடுத்து நிறுத்தியாகிவிட்டது. உன் அம்மா முதல் நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. இரண்டாம் நாள் வேலையாட்களுக்கு டீ போட்டுக்கொண்டு வந்து நின்றவள், கிணற்றைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெருசா" என்றாள். அப்புறம் உள்ளே போய், மூட்டை கட்டியிருந்த புடவைகளைத் திரும்பவும் பீரோவில் அடுக்கினாள். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

இனி என்ன என்று கேட்பாய். இனி ஒன்றும் இல்லை. இதை நல்ல வீடு என்று யாரும் வாங்கப் போவதில்லை. கன்னி மூலையில் வாயைத் திறந்துகொண்டு கிணறு இருக்கிற இடத்துக்கு இந்த ஊரில் எவன் வருவான்? வந்தாலும் வெறும் மனை விலைக்குத்தான் கேட்பான், அதுவும் மனசில்லாமல். உன் ஃபிளாட் போய்விட்டது. அந்தப் பால்கனி அறையும் போய்விட்டது. குழந்தை பிறந்தால் உன் அம்மாவை அனுப்பி வைக்கிறேன்; எனக்கு முட்டி வலி, நீங்கள் இப்போது இருக்கிற மூன்றாம் மாடி வாடகை வீட்டுக்கு ஏற முடியாது. நான் இங்கேதான் இருப்பேன். உன் குழந்தையை நான் போனில்தான் அதிகம் பார்ப்பேன் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். வருத்தமாக இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை.

அக்ரிமெண்ட் போட அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தாய். வா. வந்து கத்திவிட்டுப் போ, வாங்கிக்கொள்கிறேன். அந்தப் பையனுக்கும் நீயே போன் பண்ணிச் சொல்லிவிடு. ஆனால் ஒன்றை நீ நேரில் கேட்பதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன். அவனுக்குத்தான் விற்க மாட்டேன் என்றால், கதவைச் சாத்திக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே, அறையை ஏன் இடிக்க வேண்டும் என்று கேட்பாய். நான் இருக்கிறவரைக்கும் சும்மா இருந்திருக்கலாம்தான். எனக்குப் பிறகு இந்த வீடு உன் கைக்கு வரும். அன்றைக்கும் உனக்கு ஒரு நல்ல காரணம் இருக்கும். நீ மூடிவிடுவாய். டைல்ஸ் ஒட்டி, பெயிண்ட் அடித்து, எவனுடைய பிள்ளையையாவது அதன்மேல் படுக்க வைத்துவிடுவாய். என் பிள்ளை அப்படிச் செய்ய மாட்டான் என்று சொல்லிப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. அதனால்தான் இடித்தேன்.

அப்பா